ஐந்தே வாக்கியங்கள் ஒரு மலையைத் தாங்குகின்றன, தெரியுமா?

1899 ஜூன். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரைக்கும் மலை ரயில் ஓடத் தொடங்கிய மாதம் அது. ஒரு மீட்டர் இடைவெளி விட்டு, காடும் பள்ளமும் பாலமும் குகையும் தாண்டி, எங்கேயும் ஒன்றையொன்று தொடாமல் ஏறிப்போகும் இரண்டு தண்டவாளங்கள். அதே ஆண்டு, அதே ஜூன் மாதம், ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் கவுஸ், வெபர் என்ற இரண்டு அறிஞர்களுக்குச் சிலை திறந்தார்கள். அந்த விழாவுக்காக டேவிட் ஹில்பர்ட் என்ற கணித மேதை ஒரு நூல் எழுதிக் கொடுத்தார். பெயர், ‘வடிவியலின் அடித்தளங்கள்’. கோடு என்கிறோமே, அது என்ன? ஒரு புள்ளி மற்ற இரண்டுக்கு நடுவில் இருக்கிறது என்கிறோமே, அதற்கு என்ன பொருள்? ஒன்றையொன்று தொடாமலே போகும் கோடுகள் உண்டு என்று எந்த உரிமையில் சொல்கிறோம்? நூல் முழுக்க இந்தக் கேள்விகள்தான். இங்கே இரண்டு இணைகோடுகளை இரும்பில் போட்டு முடித்த அதே மாதத்தில், அங்கே இணைகோடு என்ற எண்ணத்தையே பிரித்துப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள்!

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் ஊற்று, சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன் அலெக்சாண்டிரியாவில் யூக்ளிட் எழுதிவைத்த ஐந்து வாக்கியங்கள். இரண்டு புள்ளிகளை ஒரு நேர்கோட்டால் இணைக்கலாம். அந்தக் கோட்டை மேலும் மேலும் நீட்டலாம். எந்தப் புள்ளியை மையமாக வைத்தும் எந்த அளவிலும் வட்டம் போடலாம். செங்கோணங்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று சமம். ஐந்தாவது மட்டும் நீளம்: இரண்டு கோடுகளை மூன்றாவது கோடு ஒன்று வெட்டி, ஒரு பக்கத்து உட்கோணங்கள் இரண்டும் சேர்ந்து இரண்டு செங்கோணத்துக்குக் குறைந்தால், அந்த இரண்டு கோடுகளையும் நீட்டிக்கொண்டே போக, அந்தப் பக்கத்தில் அவை சந்தித்தே தீரும்.

அவ்வளவுதான்! இவற்றோடு சில வரையறைகள், ‘சமமானவற்றோடு சமமானவற்றைக் கூட்டினால் வருவதும் சமமே’ என்பது போன்ற சில பொதுக் கருத்துகள். இவற்றை மட்டும் நிரூபணம் கேட்காமல் ஒப்புக்கொள்ளுங்கள் என்றார். ஒப்புக்கொண்ட பிறகு 13 பாகங்களில் 465 கூற்றுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டி எழுப்பிவிட்டார். நம் பள்ளிப் புத்தகங்கள் இவற்றை அடிகோள், எடுகோள் என்று சொல்கின்றன. இலங்கைத் தமிழ்ப் பாடப்புத்தகத்தில் இதற்கு ‘வெளிப்படை உண்மைகள்’ என்று பெயர். 1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்த குடும்பங்கள் ஏராளம். ஆக, இரண்டு பெயருக்கும் இந்த மலையில் உறவு உண்டு.

இனி ஒரு வியப்பு. கோடு என்ற சொல்லின் பழைய பொருள்களில் ஒன்று, வளைவு! கோடுதல் என்றால் வளைதல். யானைத் தந்தமும் கோடு, மாட்டுக் கொம்பும் கோடு, மரக்கிளையும் கோடு. மலையுச்சிக்கும் கோடு என்றே பெயர். திருச்செங்கோடு என்ற ஊர்ப்பெயரில் இன்றும் அது நிற்கிறது. அப்படியானால் ‘நேர்கோடு’ என்று நாம் எழுதும்போதெல்லாம் நேரையும் வளைவையும் ஒரே சொல்லில் கட்டிப்போடுகிறோம். நேரான கோடு ஒன்றுகூட இயற்கையில் கிடைக்காத நீலகிரிக்கு இதைவிடப் பொருத்தமான சொல் வேறு ஏது?

நேராக இருப்பதைத் தமிழன் எப்படிச் சொல்வான்? ‘நூல் பிடித்தாற்போல’ என்பான். இரண்டு முளை அடித்து நடுவில் நூலை இழுத்துக் கட்டினால் கொத்தனாருக்குச் சுவர் நேர். யூக்ளிட்டின் முதல் எடுகோள் முழுவதும் அந்த இரண்டு முளையிலும் ஒரு நூலிலும் இருக்கிறது. இன்னும் கேளுங்கள். புத்தகத்துக்கு நூல் என்ற பெயர் ஏன் வந்தது என்பதற்கு நன்னூல் ஒரு விளக்கம் தருகிறது. தச்சன் பிடிக்கும் நூல் மரத்தின் கோணலைக் காட்டி நீக்குவதுபோல, மனத்தின் கோணலை நீக்குவது நூலாம்! யூக்ளிட் எழுதியதற்கு இந்த விளக்கம் அட்சரம் பிசகாமல் பொருந்துகிறது.

நான்காவது எடுகோளை வாசிக்கும்போது ‘செங்கோணங்கள் சமம் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?’ என்று தோன்றும். வேண்டும்! குன்னூரில் செய்த மூலைமட்டம் கோத்தகிரிக்குப் போனாலும் அதே கோணத்தைக் காட்டும் என்பதற்கு இந்த வாக்கியம்தான் ஜாமீன். மூலைமட்டம் சரியா என்று தச்சர் பார்க்கும் முறை தெரியுமா? பலகையின் நேர் விளிம்பில் அதை வைத்து ஒரு கோடு போடுவார். பிறகு அதை இடம் வலமாகத் திருப்பி, அதே புள்ளியில் இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் மட்டம் சரி. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கோணமும் சமமானால் அவை செங்கோணம் என்பது யூக்ளிட் கொடுத்த வரையறை. அதைத்தான் தச்சர் கையால் செய்கிறார்.

ஒரே ஒரு நீளம் போதும்!

ஒரு முக்கோணத்தில் ஒரு பக்கமும் அதன் இரு முனைக் கோணங்களும் தெரிந்தால், மற்ற இரண்டு பக்கங்களும் தாமாகவே முடிவாகிவிடும். யூக்ளிட்டின் முதல் பாகம், 26ஆம் கூற்று. இந்த ஒற்றை வரியை நம்பி இந்தியாவையே அளந்தார்கள் என்றால் நம்புவீர்களா?

1802 ஏப்ரல் 10 அன்று சென்னை பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி தரையில் ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். நீளம் சுமார் 12 கிலோமீட்டர். சங்கிலியை நூறு நூறு அடியாக நகர்த்தி, வெயிலில் இரும்பு நீள்வதற்குக்கூடக் கணக்கு வைத்து அளந்தார். பிறகு அந்தக் கோட்டின் இரு முனையிலிருந்தும் தூரத்துக் குன்றைக் குறிபார்த்துக் கோணம் எடுத்தார். ஒரு முக்கோணம் கிடைத்தது. அதன் பக்கத்தை அடியாக வைத்து அடுத்த முக்கோணம், அதன்மேல் அடுத்தது! சரிபார்க்க மட்டும் அங்கங்கே மறுபடி சங்கிலி. மற்றதெல்லாம் கோணம்தான்.

குன்று இல்லாத காவிரிச் சமவெளியில் என்ன செய்வது? கோயில்! 1808இல் அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைத் தஞ்சைப் பெரிய கோயில்மேல் ஏற்றினார்கள். கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, கோணம் குறித்த அதன் வட்டம் நெளிந்தே போனது. லாம்டன் ஒரு கூடாரத்துக்குள் அடைந்துகொண்டு வாரக்கணக்கில் அந்த வட்டத்தைப் பழைய உருவுக்கு இழுத்துக் கொண்டுவந்தார். எந்தப் புள்ளியை மையமாக வைத்தும் வட்டம் போடலாம் என்று மூன்றாவது எடுகோள் ஒரு வரியில் சொல்லிவிடுகிறது. உலோகத்தில் ஒரு நல்ல வட்டம் வேண்டுமென்றால் அதற்கு எத்தனை உழைப்பு!

1821, 22 ஆண்டுகளில் பி. எஸ். வார்டு என்ற அதிகாரி நீலகிரியை அளந்து வரைபடம் போட்டு, மலையின் விவரங்களையும் எழுதிவைத்தார். இன்றைக்கும் தமிழகத்தில் நில அளவைத் துறையின் புலப்படத்தை எடுத்துப் பாருங்கள். எத்தனை கோணல்மாணலான வயலானாலும் அதை முக்கோணங்களாக வெட்டி, குறுக்கே ஓடும் கோட்டிலிருந்து செங்குத்தாக ஓரங்களுக்கு அளவெடுத்திருப்பார்கள். உங்கள் பட்டா நிலத்தின் அடியில் யூக்ளிட் இருக்கிறார்!

பட்டா என்றதும் இதையும் சொல்லிவிட வேண்டும். மலைச்சரிவில் ஒரு ஏக்கர் என்றால் உண்மையில் எவ்வளவு மண் தெரியுமா? நில ஆவணம் சரிவின் பரப்பை எழுதுவதில்லை. மேலிருந்து பார்த்தால் விழும் தட்டையான நிழலின் பரப்பைத்தான் எழுதுகிறது. 30 டிகிரி சரிவில் 100 சென்ட் பட்டா வைத்திருப்பவரின் காலடியில் சுமார் 115 சென்ட் மண் கிடக்கிறது. கொழுந்துக் கூடையைச் சுமந்து ஏறி இறங்கும் பெண்களின் கால்களுக்கு அந்தக் கூடுதல் பதினைந்து சென்ட் நன்றாகத் தெரியும். காகிதத்துக்குத்தான் தெரியாது.

அதே சரிவில் சமமட்டக் கோடு பிடிக்க ஒரு எளிய கருவி உண்டு. இரண்டு சம நீளக் கம்புகள், தலையில் கட்டு, நடுவில் ஒரு குறுக்குக் கம்பு. ஆங்கில ‘ஏ’ எழுத்து மாதிரி. உச்சியிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால், இரண்டு காலும் ஒரே மட்டத்தில் நிற்கும்போது நூல் குறுக்குக் கம்பின் நட்ட நடுவில் விழும். இருசமபக்க முக்கோணத்தின் குணம் அது. தேற்றத்தைப் பெயர் சொல்லிப் படிக்காத ஒருவரும் இதை வைத்து மலை முழுக்க மழைநீர் மண்ணை அரிக்காதபடி வரப்புக் கோடு போட்டுவிடலாம்.

அந்த ஐந்தாவது

முதல் நான்கும் ஒவ்வொரு வரி. ஐந்தாவது மட்டும் ஏன் இத்தனை நீளம் என்று இரண்டாயிரம் ஆண்டுகள் அறிஞர்கள் தூங்கவில்லை. இது எடுகோளே இல்லை, மற்ற நான்கிலிருந்து நிரூபித்துவிடலாம் என்று முயன்றவர்களின் வரிசையைப் பாருங்கள்: கவிஞராக உலகம் அறிந்த உமர் கய்யாம், பாரசீக வானியலாளர் நசீருத்தீன் தூசி, 1733இல் இத்தாலியப் பாதிரியார் சக்கேரி. யூக்ளிட்டின் நூலுக்குத் தூசி எழுதிய அரபு வடிவத்தைத்தான் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெய்சிங் மன்னரின் அவையில் இருந்த ஜகந்நாத சாம்ராட் ‘ரேகாகணிதம்’ என்று வடமொழிக்குக் கொண்டுவந்தார். யூக்ளிட்டுக்கே இந்த வாக்கியத்தின்மேல் ஒரு தயக்கம் இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். முதல் 28 கூற்றுகள் வரை அவர் அதைத் தொடவே இல்லை! 29ஆவதில், வேறு வழியில்லை என்ற இடத்தில்தான் கையில் எடுக்கிறார்.

விடை 19ஆம் நூற்றாண்டில் வந்தது. ரஷ்யாவில் லோபசெவ்ஸ்கி 1829இலும், ஹங்கேரியில் போயாய் 1832இலும், ஒருவரை ஒருவர் அறியாமலே, ஐந்தாவதை மறுத்துவிட்டு ஒரு முழு வடிவியலைக் கட்டிக் காட்டினார்கள். அதில் முரண்பாடு எதுவும் வரவில்லை. ஐந்தாவதை நிரூபிக்கவே முடியாது; ஏற்கலாம், ஏற்காமலும் இருக்கலாம். ஏற்றால் ஒரு உலகம், மறுத்தால் வேறு உலகம்!

வேறு உலகத்தைப் பார்க்க எங்கேயும் போக வேண்டாம். ஊட்டிச் சந்தையில் ஒரு கூடை காய்கறி வாங்குங்கள். கேரட் ஒன்று, உருளைக்கிழங்கு ஒன்று, லெட்டூஸ் ஒன்று. இந்தக் கூடைக்குள் மூன்று விதமான வடிவியல்கள் இருக்கின்றன, தெரியுமா? கேரட்மேல் காகிதத்தைச் சுற்றிப் பாருங்கள், சுருக்கமில்லாமல் ஒட்டிக்கொள்ளும். கூம்பைப் பிரித்தால் தட்டையாகிவிடும் என்பதால், நுனியை விட்டுவிட்டால் கேரட்டின் தோலில் யூக்ளிட் சொன்னதெல்லாம் செல்லுபடியாகும். உருளைக்கிழங்கைச் சுற்றுங்கள், காகிதம் மடிந்து கசங்கும். அங்கே முக்கோணத்தின் கோணங்கள் 180 டிகிரியைத் தாண்டிவிடும். லெட்டூஸின் அலையலையான ஓரத்தில் காகிதத்தை ஒட்டப் பாருங்கள், கிழிந்தே போகும். ஓரத்துக்குப் போகப் போக அங்கே இடம் பெருகிக்கொண்டே இருக்கிறது; கோணங்களின் கூட்டல் 180க்குக் குறையும். லோபசெவ்ஸ்கியின் உலகம் அது! 1997இல் டைனா தைமினா என்ற கணித ஆசிரியை அந்த உலகத்தைக் குரோஷா ஊசியால் பின்னியே காட்டிவிட்டார். வாய்ச்சொல்லால் விளங்காத வகுப்புக்குக் கைவேலையால் விளங்கியது.

நாம் வாழும் பூமியே ஒரு பெரிய உருளைக்கிழங்குதானே! ஊட்டியில் ஒருவர், குன்னூரில் ஒருவர் நிற்கிறார்கள் என்று வையுங்கள். குன்னூர் கிழக்கே சுமார் 10 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இருவரும் கொஞ்சமும் விலகாமல் நேர் வடக்கே நடக்கிறார்கள். டெல்லியின் அட்சரேகையை எட்டும்போதே இடைவெளியில் ஒரு கிலோமீட்டர் குறைந்திருக்கும். வட துருவத்தில் இருவரும் முட்டிக்கொள்வார்கள். இருவரும் நேராகத்தான் நடந்தார்கள்!

லாம்டனுக்கும் அவருக்குப் பின் வந்தவர்களுக்கும் இது தெரியும். அதனால் ஒவ்வொரு பெரிய முக்கோணத்திலும் கோணங்கள் எவ்வளவு கூடுதலாக வரவேண்டும் என்று முன்பே கணக்கிட்டு வைத்தார்கள். ஒரு டிகிரியை 3,600 கூறாக்கினால் அதில் ஒரு கூறு கூடுவதற்கு முக்கோணம் சுமார் 196 சதுர கிலோமீட்டர் இருக்க வேண்டும். நீலகிரி மாவட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 2,550 சதுர கிலோமீட்டர். மாவட்டம் முழுவதையும் ஒரே முக்கோணமாக நினைத்துக்கொண்டால் 180 டிகிரிக்கு மேல் வெறும் 13 கூறு! மலையையே விழுங்கும் முக்கோணத்தில் யூக்ளிட் தவறியது அவ்வளவுதான். சூரியனுக்கு அருகே ஒளியே வளைகிறது என்று ஐன்ஸ்டைன் சொன்னதை 1919 கிரகணத்தில் சரிபார்த்தபோதும், தேடியது இதே மாதிரி இரண்டு கூறுக்குள் அடங்கும் ஒரு நுணுக்கத்தைத்தான்.

தண்டவாளத்தின் ரகசியம்

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர் பாதையில் 208 வளைவுகள். (குன்னூரைத் தாண்டி ஊட்டிக்கு ரயில் வந்தது 1908இல்.) கல்லாறுக்கு மேல் 12 மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏற்றம் என்ற செங்குத்து, நடுவில் பதித்த பல்பட்டைகளைப் பல்சக்கரம் கவ்விக்கொண்டு ஏறுகிறது. வளைவில் வெளித் தண்டவாளம் உள் தண்டவாளத்தைவிட நீளம் என்பது எல்லாருக்கும் தெரியும். எவ்வளவு நீளம்? வளைவு பெரிதா சிறிதா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை! ஒரு மீட்டர் இடைவெளியுள்ள பாதை ஒரு முழுச் சுற்று திரும்பினால் வெளித் தண்டவாளம் 6.28 மீட்டர் கூடுதல். குன்னூர் மைதானத்தைச் சுற்றினாலும் 6.28, பூமியையே சுற்றினாலும் அதே 6.28!

இன்னொன்று. இந்த 208 வளைவிலும் தண்டவாளங்கள் யூக்ளிட்டின் கண்ணில் இணைகோடுகளே அல்ல. அவருடைய 23ஆவது, கடைசி வரையறை நேர்கோடுகளுக்கு மட்டும்தான் அந்தப் பெயரைக் கொடுக்கிறது. சம தூரத்தில் ஓடுவது வேறு, இணையாக இருப்பது வேறு. சரிவை வளைத்துக்கொண்டு போகும் தேயிலை வரிசைகளும் அப்படித்தான்.

யூக்ளிட்டிடம் ஓட்டையே இல்லையா? உண்டு, அதுவும் முதல் கூற்றிலேயே! இரண்டு வட்டம் போட்டு, அவை வெட்டும் புள்ளியை வைத்துச் சமபக்க முக்கோணம் வரைகிறார். வட்டங்கள் வெட்டித்தான் தீரும் என்று ஐந்து வாக்கியங்களில் எதுவும் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரிந்ததை அறிவு கேட்காமல் ஏற்றுக்கொண்டது. இப்படிப்பட்ட மறைவான நம்பிக்கைகளை 1882இல் மோரிட்ஸ் பாஷ் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். குன்னூருக்கு ரயில் வந்த மாதத்தில் ஹில்பர்ட் அவற்றையும் சேர்த்து இருபது அடிகோள்களாக முழுமைப்படுத்தினார்.

தமிழ் மண்ணுக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. பள்ளியில் டி மார்கன் விதிகளைப் படிக்கிறோமே, அந்த அகஸ்டஸ் டி மார்கன் பிறந்த ஊர் மதுரை! 1806 ஜூன் 27. தர்க்கத்தைச் செப்பனிட்டவர், யூக்ளிட்டைப் பற்றி நிறைய எழுதியவர். அடுத்து நம் ராமானுஜன். வட்டத்துக்குச் சமமான பரப்புள்ள சதுரத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரையவே முடியாது என்று 1882இல் லிண்டமன் நிரூபித்துவிட்டார். முடியாது என்றால் எவ்வளவு நெருங்கலாம்? 1913இல் இந்தியக் கணிதக் கழக இதழில் ராமானுஜன் ஒரு வரைமுறை வெளியிட்டார். பைக்கு 355/113 என்ற மதிப்பு. வட்டத்தின் பரப்பு 1,40,000 சதுர மைல் என்று வைத்துக்கொண்டால், சதுரத்தின் பக்கத்தில் பிழை ஏறக்குறைய ஓர் அங்குலம் என்று அவரே எழுதினார். அந்தப் பரப்பு எவ்வளவு தெரியுமா? கிட்டத்தட்ட மூன்று தமிழ்நாடு!

முத்தோரையில் சாய்ந்து கிடக்கும் கோடு

எல்லாவற்றையும்விட எனக்கு மயிர்க்கூச்செறியும் இடம் ஊட்டி அருகே முத்தோரை. 1970இல் இயங்கத் தொடங்கிய ஊட்டி ரேடியோ தொலைநோக்கி அங்கே இருக்கிறது. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் அமைத்தது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். வட்டக் கிண்ணம் அல்ல. நீளவாக்கில் பிளந்த பீப்பாய் போன்ற தொட்டி. அதே மலைகளில் மூங்கிலை வளைத்துத் தோடர்கள் கட்டிய மரபு வீடுகளும் அரைப் பீப்பாய் வடிவம்தான். ஒன்று கவிழ்ந்திருக்கிறது, மற்றது திறந்திருக்கிறது!

இதற்காக ஸ்வரூப் தேடியது சாதாரண மலை அல்ல. வடக்கு நோக்கி ஏறும் சரிவின் கோணம் அந்த இடத்து அட்சரேகைக்குச் சமமாக இருக்க வேண்டும். அட்சரேகை 11 டிகிரி சொச்சம், சரிவும் 11 டிகிரி சொச்சம். ஏன்? அப்படிப் படுக்க வைத்தால் தொலைநோக்கியின் நீளம் பூமியின் அச்சுக்கு இணையாகிவிடும்! பூமியின் அச்சு நம் காலுக்குக் கீழே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஆழத்தில் ஓடுகிறது. அதற்கு இணையாக மலைமேல் ஒரு கோடு. இரண்டையும் ஊட்டியிலிருந்து பூமியின் மையத்துக்குப் போகும் கோடு வெட்டுகிறது. ஒத்த கோணங்கள் சமம். அதிலிருந்து சரிவின் கோணம் அட்சரேகைக்குச் சமம் என்று இரண்டே படியில் வந்துவிடும். ஒத்த கோணங்கள் சமம் என்று சொல்வது எது? யூக்ளிட்டின் 29ஆம் கூற்று. ஐந்தாவது எடுகோள் முதன்முதலாக வேலைக்கு வரும் அதே இடம்!

இதனால் கிடைத்த பலன் பெரிது. பூமி மணிக்கு 15 டிகிரி சுழல்கிறது. தொலைநோக்கி தன் நீள அச்சில் அதே வேகத்தில் எதிர்ப்பக்கம் உருண்டால் போதும், வானத்தில் ஒரே பொருளை ஒன்பதரை மணி நேரம் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். எத்தனையோ சிக்கலான இயந்திரங்களை ஒரு மலைச்சரிவு மிச்சப்படுத்திவிட்டது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால்தான் சரிவு இத்தனை மென்மையாக அமைந்தது. டெல்லி அட்சரேகையில் இதைக் கட்டியிருந்தால் 28 டிகிரிக்கு மேல் செங்குத்து.

தொட்டியின் கண்ணாடி என்ன தெரியுமா? கண்ணாடியே இல்லை! 1,100 மெல்லிய எஃகுக் கம்பிகள், ஒவ்வொன்றும் 530 மீட்டர், ஒன்றுக்கொன்று இணையாக. 23 மீட்டருக்கு ஒன்றாக நிற்கும் 24 பரவளையச் சட்டங்கள் அவற்றைத் தாங்குகின்றன. வந்து விழும் ரேடியோ அலையின் நீளம் சுமார் 92 சென்டிமீட்டர், கம்பிகளின் இடைவெளியோ சில சென்டிமீட்டர். ஆக, அலைக்கு அது முழுப் பரப்பாகவே தெரிகிறது. இணையாக வரும் அலைகளையெல்லாம் பரவளையம் ஒரே குவியக் கோட்டில் சேர்க்கிறது. அந்தக் கோட்டில் 1,056 இருமுனை உணர்கம்பிகள் காத்திருக்கின்றன. இத்தனையும் இங்கேயே வடிவமைத்து இங்கேயே கட்டியது என்பதைத் தமிழ்ப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

ஊட்டியிலேயே கிரேப்ஸ்-3 என்ற காஸ்மிக் கதிர் ஆய்வுக்களம் ஒன்றும் இருக்கிறது. சுமார் 400 உணர்கருவிகள் 8 மீட்டர் இடைவெளியில் அறுகோண அமைப்பில். யூக்ளிட்டின் முதல் கூற்றான சமபக்க முக்கோணத்தையே பரப்பி வைத்த மாதிரி! வானிலிருந்து துகள்மழை சாய்வாக விழும்போது ஒரு கருவி முந்தியும் ஒன்று பிந்தியும் தொடப்படும். அந்த நானோவிநாடி வித்தியாசத்திலிருந்து மழை வந்த திசை தெரிகிறது. 2014 டிசம்பர் 1 அன்று தலைக்கு மேல் வந்த ஓர் இடிமேகத்தின் மின்னழுத்தம் 130 கோடி வோல்ட் என்று இதே களம்தான் அளந்தது.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு தோடர் பெண் பூத்துக்குளி போர்வையில் சிவப்பும் கறுப்புமாகத் தையல் போட்டுக்கொண்டிருப்பார். வரைந்த கோடு கிடையாது, அளவுகோல் கிடையாது. பாவும் ஊடும் செங்கோணத்தில் சந்திக்கும் வெள்ளைத் துணியில் இழைகளை எண்ணியே சாய்சதுரமும் முக்கோணமும் பிசகாமல் எழுகின்றன. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற கலை அது.

அடுத்த முறை ஊட்டியில் மேகமில்லாத இரவு ஒன்று அமைந்தால், வெட்டவெளியில் நின்று வடக்கே பாருங்கள். கையை முழுக்க நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. தொடுவானத்தின்மேல் அந்த முஷ்டியை வையுங்கள். அதற்குச் சற்று மேலே மங்கலாக ஒரு நட்சத்திரம் தெரியும், துருவ நட்சத்திரம். முத்தோரைச் சரிவில் படுத்திருக்கும் அந்த 530 மீட்டர் நீளமும் அதே திசையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. தெற்கு முனையைவிட வடக்கு முனை சுமார் 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.